சரிவைப் படிப்பது எப்படி: நீலகிரியில் மழைக்குப் பின் மண்சரிவு அபாயத்தை மதிப்பிட முழுமையான வழிகாட்டி

ஊட்டியிலிருந்து எமரால்டு வழியாகப் போனால் அவலாஞ்சி வரும். ஏரியையும் சோலையையும் பார்க்க வருகிறவர்களில் பலருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாது. நீலகிரியில் உறைபனி உண்டு, பனிப்பொழிவு கிடையாது. பிறகு பனிச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் எப்படி ஊர்ப்பெயர் ஆனது? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு பெரிய மண்சரிவு நடந்தது. அதைக் கண்ட வெள்ளைக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த சொல்லையே வைத்துவிட்டார்கள்.

பெயர் அப்படியொன்றும் பொருந்தாமல் போகவில்லை. இமயமலையில் புதுப்பனி பழைய பனியின் மேல் ஏறி உட்காரும். நடுவில் இருக்கும் பலவீனமான அடுக்கு ஒரு கட்டத்தில் தாங்காமல் வழுக்கும். இங்கே மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, மண்ணும் பாறையும் சந்திக்கும் இடத்தில் அதே வேலையைச் செய்கிறது. அங்கே மலையேறுகிறவர்கள் பனி பெய்த மறுநாள் சரிவைச் சோதிக்காமல் காலெடுத்து வைப்பதில்லை. நாம் சரிவுக்கு அடியிலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறோம். சோதிக்கும் பழக்கம் நமக்குத்தான் அதிகம் வேண்டும்.

2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சரிந்தது இங்கே யாருக்கும் மறக்கவில்லை. கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வாரம் எங்கள் வரிசையில் கடைசி வீட்டு அத்தை, சமையலறைக்குப் பின்னால் எப்போதும் தெளிவாகக் கசியும் ஊற்று செம்மண் நிறத்தில் வருவதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். விடிகாலையில் அந்தச் சமையலறை மண்ணுக்குள் இருந்தது. அவர் எந்தக் கருவியும் வைத்திருக்கவில்லை. தன் வீட்டுப் பின்பக்கத்தை தினமும் பார்த்து வைத்திருந்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையைத்தான் இங்கே படிப்படியாக எழுத முயல்கிறேன்.

மண் ஏன் கிளம்புகிறது

புட்டுக்கு மாவு பிசிறும்போது கவனித்திருப்பீர்கள். காய்ந்த மாவு கையில் நிற்காது. கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் பிடித்த பிடி நிற்கும். தண்ணீர் கூடிவிட்டால் கூழாகிவிடும். மண்ணும் அப்படித்தான். துகளும் துகளும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால்தான் சரிவு நிற்கிறது. இடைவெளி எல்லாம் தண்ணீர் நிறைந்ததும் அந்தத் தண்ணீரே துகள்களைத் தள்ளிப் பிரிக்கிறது. எடை கூடுகிறது, பிடிப்பு குறைகிறது.

நீலகிரியின் அடிப்பாறை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கடினமான பாறை. அது லட்சக்கணக்கான ஆண்டுகள் மழையில் சிதைந்து, மேலே தடிமனான மண்போர்வையாகக் கிடக்கிறது. முதலில் கறுப்பு மேல்மண், அதன்கீழ் செம்மண், அதற்கும் கீழே வெளிறிய மஞ்சளும் வெள்ளையுமான களி. ஈரமானால் சோப்பு மாதிரி வழுக்கும் களி இது. அதற்குக் கீழே பாறை. மேலிருந்து இறங்கும் தண்ணீர் பாறையில் முட்டி, போக வழியில்லாமல் அந்தக் களியின் அருகே தேங்குகிறது. அந்த இடத்தில்தான் பிடி விடுகிறது. சாலையோரம் புதிதாக வெட்டிய மண்சுவரைப் பார்த்தால் இந்த அடுக்குகளை நீங்களே கண்ணால் எண்ணலாம்.

ஆகவே இன்று எவ்வளவு பெய்தது என்று மட்டும் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். சரிவு ஏற்கனவே எவ்வளவு குடித்திருக்கிறது என்பது மீதி.

முதல் படி: வெயில் காலத்திலேயே சரிவைப் பார்த்து வையுங்கள்

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்குப் போதும். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு மேலே ஏறுங்கள். முடிந்தவரை உச்சி வரை போய்விட்டுக் கீழே இறங்குங்கள். உங்கள் எல்லை வேலியோடு நின்றுவிடாதீர்கள். மண் யாருடைய பட்டாவையும் பார்த்து வராது.

சாய்வை அளக்க ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டமும் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும் போதும். சட்டத்தின் ஒரு முனையை மேட்டுப்பக்கம் தரையில் வைத்து, மட்டமாகப் பிடியுங்கள். மறுமுனையிலிருந்து தரை வரை டேப்பால் அளங்கள். 36 செ.மீ. வந்தால் சாய்வு 20 டிகிரி, 58 செ.மீ. என்றால் 30, 84 செ.மீ. என்றால் 40. சாய்வு இருபது டிகிரியைத் தாண்டிய மண்மேடு எதையும் கவனத்தில் வையுங்கள். முப்பதைத் தாண்டி, ஆழமான மண்ணும் இருந்தால் அது முதல் வரிசைச் சந்தேகம். மனிதன் நேர்க்குத்தாக வெட்டிய மண்சுவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையே இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் வெட்டி, தடுப்புச்சுவர் இல்லாமல் விட்டிருந்தால் அது ஆபத்துதான்.

அடுத்து சரிவின் வடிவம். முதுகு போலப் புடைத்த இடத்தில் தண்ணீர் இருபுறமும் பிரிந்து ஓடும். உள்ளங்கையைக் குவித்தது போன்ற மடிப்பில் தண்ணீர் கூடும். பெரும்பாலான மண்சரிவுகள் அந்த மடிப்பில்தான் பிறக்கின்றன. வெயில் காலத்திலும் பச்சையாக இருக்கும் மடிப்பு, அடியில் தண்ணீர் இருப்பதைச் சொல்லிக்கொடுக்கும். பழைய சரிவுகளின் தழும்பையும் தேடுங்கள். நடுச்சரிவில் நாற்காலி போல ஒரு வெட்டு, அதன் கீழே மேடும் பள்ளமுமான மண்குவியல், சுற்றியிருக்கும் மரங்களைவிட வயது குறைந்த மரங்கள் என்று தெரியும். ஒருமுறை சரிந்த இடம் மறுபடி சரியத் தயங்காது. ஊரில் வயதானவர்களைக் கேளுங்கள். 1978, 1979 ஆண்டுகளில் எங்கெங்கே மண் வந்தது என்று கைகாட்டிச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மரங்களைப் பாருங்கள். அடியில் வில்லாக வளைந்து பிறகு நிமிர்ந்து வளர்ந்த மரம், மண் பல ஆண்டுகளாக மெல்ல நகர்வதைக் காட்டும் சாட்சி. நேராக வளர்ந்த மரமோ மின்கம்பமோ இப்போது சாய்ந்திருந்தால் நகர்வு புதியது.

என்ன பயிர் என்பதும் முக்கியம். சோலைக் காட்டில் வேர்கள் ஒன்றோடொன்று பின்னி மண்ணைப் பிடிக்கின்றன. தரையில் உதிர்ந்த இலைகள் மழையின் அடியை வாங்கிக்கொள்கின்றன. அடர்ந்த தேயிலை ஓரளவுக்குத் தாங்கும். மழைக்கு முன் கேரட்டைப் பறித்துவிட்டு வெறுமனே கிடக்கும் சரிவில், அதுவும் சரிவின் போக்கிலேயே வரப்பு போட்டிருந்தால், தண்ணீருக்குத் தடையே இல்லை. எனக்கு இதில் கோபம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. மேலே ஒருவர் செய்கிற தவறுக்குக் கீழே இருப்பவர் உயிரைக் கொடுக்கிறார்.

கடைசியாக, தண்ணீரை யார் எங்கே திருப்பி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். என் அனுபவத்தில் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். சாலையின் சிறுபாலத்திலிருந்து வரும் தண்ணீர் கால்வாயில் சேராமல் நேரே சரிவில் கொட்டுகிறதா? மேல்வீட்டுக் கூரைத் தண்ணீர், சாக்கடை, கழிவுநீர்க் குழி எல்லாம் உங்கள் தலைக்கு மேல் மண்ணில் இறங்குகின்றனவா? ஓடையை மூடி வீடோ ரிசார்ட்டோ கட்டியிருக்கிறார்களா? தடுப்புச்சுவரில் நீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா, அடைந்துவிட்டனவா? துளையில்லாத தடுப்புச்சுவர் பார்வைக்குத்தான் பலம். பின்னால் தேங்கும் தண்ணீர் ஒருநாள் அதையும் சேர்த்துத் தள்ளும். துளை அடைத்திருந்தால் கம்பி விட்டுக் குத்தி எடுங்கள். மழைக்கு முன் நீங்களே செய்யக்கூடிய வேலைகளில் இவ்வளவு பலன் தருவது வேறில்லை.

வீட்டுக்குக் கீழே பார்க்கவும் மறக்க வேண்டாம். பொக்லைன் வைத்துக் கீழ்மனையை வெட்டினால் உங்கள் வீட்டின் கால் போகிறது. நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் அந்த இயந்திரங்களை ஓட்டக் கூடாது. இரவில் வெட்டும் சத்தம் கேட்டால் வருவாய்த் துறைக்குச் சொல்லுங்கள்.

சரிவு இல்லாத இடமும் ஆபத்தாகும் ஒரு விதிவிலக்கு

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்த மண்ணும் பாறையும் அந்த ஊர்களின் தலைக்கு மேலிருந்து விழவில்லை. மேலே வெகுதூரத்தில் கிளம்பி, ஓடையின் வழியாக ஏறத்தாழ 8 கி.மீ. வந்தன. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை, மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததுதான். 1993 நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலம் என்ற இடத்தை அறுத்துக்கொண்டு போனதும் இதே வகைதான். சாலையும் ரயில் பாதையும் சேர்ந்து போயின.

எனவே வீடு சமதளத்தில் இருந்தாலும், அருகில் ஓடை இருந்தால் அதன் மேல்முனை எங்கே தொடங்குகிறது என்று போய்ப் பாருங்கள். ஓடை மலையை விட்டு வெளியேறும் வாயில் விசிறி போல் விரிந்த, உருண்டைக் கற்கள் நிறைந்த மேடு இருந்தால், அந்தக் கற்களைக் கொண்டுவந்தது முன்பு வந்த மண்வெள்ளம்.

இரண்டாம் படி: மழையை நீங்களே அளங்கள்

மலையில் மழை ஒரே அளவில் பெய்யாது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, அப்பர் பவானிப் பக்கத்தை நனைக்கும். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தை. 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில் 82 செ.மீ. பதிவானது. ஒரு மலைமுதுகுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாதிக்குப் பாதி வித்தியாசம் வரும். அதனால் டிவியில் சொல்லும் ஊட்டி அளவு உங்கள் சரிவுக்குப் பொருந்தும் என்று நம்ப வேண்டாம்.

அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, தட்டையான அடியுள்ள டப்பா ஒன்றை மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வையுங்கள். காற்றில் விழாமல் கல் அண்டை கொடுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு ஸ்கேலை நிறுத்தி அளந்து, எழுதிவிட்டுக் கொட்டுங்கள். வானிலை ஆய்வு மையமும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது, ஒப்பிட வசதி. கனமழை நாளில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

எண்கள் என்ன சொல்கின்றன? ஒரு நாளில் 64.5 மி.மீ.க்கு மேல் கனமழை, 115.6க்கு மேல் மிகக் கனமழை, 204.5க்கு மேல் அதிகனமழை என்பது வானிலைத் துறையின் கணக்கு. இதை எடையாக நினைத்துப் பார்த்தால் மனதில் பதியும். 100 மி.மீ. மழை ஒரு சென்ட் நிலத்தில் சுமார் 4,000 லிட்டர், அதாவது 4 டன். உங்கள் வீட்டுக்கு மேலே அரை ஏக்கர் சரிவு இருந்தால் 200 டன். எல்லாம் மண்ணுக்குள் போகாது, ஓடிவிடுவதும் உண்டு. ஆனாலும் மேலே ஏறுகிற பாரம் எந்த அளவு என்பது புரியும்.

நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள்: இன்று, கடந்த 3 நாள் மொத்தம், கடந்த 10 நாள் மொத்தம். வறண்ட மண்ணில் ஒரு நாள் கொட்டும் 100 மி.மீ.யும், பத்து நாள் தூறலில் ஊறிப்போன மண்ணில் விழும் 100 மி.மீ.யும் ஒன்றல்ல. ஐப்பசியில் விடாமல் நசநசவென்று பெய்துவிட்டு, கார்த்திகைத் தொடக்கத்தில் புயல்சின்னம் வந்தால் எனக்கு உறக்கம் வராது.

இதோடு அரசின் எச்சரிக்கைகளையும் பாருங்கள். இந்தியப் புவியியல் ஆய்வு மையம் மழைக்காலத்தில் நீலகிரிக்கு மண்சரிவு முன்னறிவிப்பு வெளியிடுகிறது; பூஸ்கலன் என்ற கைபேசிச் செயலியில் கிடைக்கும். தமிழக அரசின் டிஎன்-அலர்ட் செயலியும் இருக்கட்டும். நீலகிரி இந்தியாவில் இந்த முன்னறிவிப்பு முதலில் தொடங்கிய மாவட்டங்களுள் ஒன்று. அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவது வீண்.

மூன்றாம் படி: அடையாளங்கள்

மழை நாளில் காலையும் மாலையும், வெளிச்சம் இருக்கும்போது, வீட்டைச் சுற்றி வாருங்கள். இருவராகப் போங்கள். மண்சுவருக்கு நேர் கீழே நிற்க வேண்டாம்.

மேட்டில் பிறை வடிவில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இருபுறமும் ஒரு முளைக்குச்சி அடித்து, இடைவெளியை அளந்து எழுதுங்கள். கூடினால் சரிவு நகர்கிறது. விரிசலுக்குள் மழைநீர் இறங்காமல் தார்ப்பாய் போட்டு மூடலாம், மண்ணைக் கொட்டி அடைத்து மேலே கல்லைப் போடக் கூடாது. அது சுமையைக் கூட்டும். வீட்டுச் சுவர் விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நேற்று வரை சாத்திய கதவு இன்று சட்டத்தில் இடித்தால் மரம் ஊதிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். எல்லாக் கதவையும் ஜன்னலையும் பாருங்கள். ஒரே பக்கத்துக் கதவுகள் மட்டும் இடித்தால் அஸ்திவாரம் நகர்ந்திருக்கலாம்.

தண்ணீர்தான் அதிகம் பேசும். புதிய இடத்தில் ஊற்று, தெளிந்த ஊற்று கலங்குவது, தடுப்புச்சுவரின் துளையில் மண் கலந்து வருவது: மூன்றில் எதுவும் உள்ளே மண் அரிபடுவதைக் காட்டும். இதைவிட மோசமானது, மழை விடாமல் பெய்யும்போது ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைவது. மேலே எங்கோ மண் விழுந்து அணையாகத் தேங்கியிருக்கிறது. அந்த அணை உடைய நிமிடங்களே ஆகலாம். அப்போது எதையும் எடுக்க உள்ளே போகாதீர்கள்.

ஓசையும் உண்டு. வேர் அறுபடும் சடசடப்பு, ஓடையில் கற்கள் ஒன்றோடொன்று மோதும் மந்தமான இடிச்சத்தம், தூரத்து லாரி ஏறுவது போன்ற உறுமல். புதிதாகக் கிளறிய மண்ணின் வாசனை திடீரென்று பலமாக வந்தால் அதையும் நம்புங்கள்.

நான்காம் படி: கிளம்பும் முடிவு

இதை மழையில் உட்கார்ந்து எடுக்க முடியாது. அடுப்பில் சோறு கொதிக்கும், மாடு தொழுவத்தில் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் ஆகாது என்பார். வெயில் காலத்திலேயே குடும்பமாக உட்கார்ந்து எழுதி வைக்க வேண்டும்.

எங்கள் வீட்டு விதியைச் சொல்கிறேன். இது எங்கள் சரிவுக்கு, எங்கள் நோட்டுக் கணக்குப்படி போட்டது. உங்கள் சரிவு மோசமாக இருந்தால் இன்னும் முன்னாலேயே கிளம்புங்கள். மேலே சொன்ன அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும், மழை எவ்வளவு என்று பார்க்காமல் கிளம்பிவிடுவோம். பத்து நாள் ஈரத்துக்குப் பிறகு ஒரு நாளில் 100 மி.மீ. தாண்டினால், அல்லது சிவப்பு எச்சரிக்கை வந்தால், மாலை நான்கு மணிக்குள் கிளம்பிவிடுவோம். அதிகாரிகள் முகாமுக்கு வரச் சொன்னால் எங்கள் கணக்கு எதுவானாலும் போய்விடுவோம்.

நான்கு மணி என்பது காரணத்தோடுதான். இருட்டில் விரிசல் தெரியாது, வழி தெரியாது, மழைச்சத்தத்தில் மற்ற சத்தம் கேட்காது. உறக்கத்தில் இருப்பவரை எழுப்ப நேரமும் கிடைக்காது.

பெரியவர்கள் வராமல் இருப்பதற்கு பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். பாட்டிக்கு மாடு, தாத்தாவுக்கு மருந்து, தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருப்பவருக்கு நாளைய கூலி. அந்தக் காரணத்துக்கு முன்கூட்டியே வழி செய்தால் அவர்களே முதலில் கிளம்புவார்கள். மாட்டைக் கட்ட மேட்டில் யாருடைய தொழுவம் என்று பேசி வையுங்கள். ரேஷன் அட்டை, ஆதார், பட்டா நகல், பத்து நாள் மருந்து, டார்ச், ஸ்வெட்டர், கொஞ்சம் பணம் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பையில் வாசலருகே தொங்கவிடுங்கள். போகும் வழி ஓடையையும் மண்சுவரையும் தாண்டாததாக இருக்கட்டும். கொஞ்சம் சுற்றானாலும் பரவாயில்லை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகட்டும்.

வெளியேறவே முடியாமல் போனால் மண்சுவரை ஒட்டிய அறையில் யாரும் படுக்க வேண்டாம். மாடி இருந்தால் மாடியில், சரிவுக்கு எதிர்ப்புற அறையில் இருங்கள். ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருங்கள். மண் வருவது தெரிந்தால் அது வரும் பாதைக்குக் குறுக்கே, பக்கவாட்டில் மேடு நோக்கி ஓடுங்கள். கீழ்நோக்கி ஓடினால் மண் உங்களை முந்தும்.

மலைப்பாதையில் போகிறவர்களுக்கு

சுருக்கமாகவே சொல்கிறேன். மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையிலும், கொடைக்கானல் ஏறும் வத்தலக்குண்டு, பழனிப் பாதைகளிலும் கனமழைக்குப் பின் இரவுப் பயணம் வேண்டாம். மலை ரயிலை ரத்து செய்திருந்தால் அதே சரிவுகளில் சாலையும் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். சாலையில் சிறு கற்களும் ஈரமண்ணும் சிதறியிருந்தால் மேலே இன்னும் வரவிருக்கிறது. வண்டியை மண்சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள். மண் விழுந்து பாதை அடைத்திருந்தால் இறங்கிப் படம் எடுக்கவோ, குறுக்கே நடந்து கடக்கவோ வேண்டாம். முதல் சரிவுக்குப் பின் இரண்டாவது வருவது சாதாரணம். பாலத்தில் நின்று வெள்ளம் பார்க்கவும் வேண்டாம்.

மழை நின்ற பிறகு

வெயில் வந்ததும் எல்லோரும் வீடு திரும்பிவிடுகிறார்கள். மேல்மண் மட்டும் வழுக்கும் சிறிய சரிவுகள் மழையின் உச்சத்தில் வரும். ஆழமான சரிவுகளுக்குத் தண்ணீர் கீழே இறங்க நேரம் வேண்டும். மழை விட்டு ஒரு நாள், இரண்டு நாள், சிலவேளை அதற்கும் பிறகு வரும். ஆகவே அடையாளம் தெரிந்த வீட்டுக்கு, வருவாய்த் துறையோ பொறியாளரோ பார்த்துச் சொல்லாமல் திரும்ப வேண்டாம். மற்றவர்கள் பகலில் முதலில் ஒருவர் மட்டும் போய்ப் பாருங்கள்: முளைக்குச்சிகளின் இடைவெளி, பென்சில் கோடுகள், ஊற்றின் நிறம், துளைகளில் வடிகிறதா என்பது. ஊற்று தெளிந்து, இடைவெளி இரண்டு மூன்று நாள் மாறாமல் இருந்தால் குடும்பத்தை அழைத்துவரலாம்.

சாய்ந்த மின்கம்பத்தின் அருகே போகாதீர்கள். விழுந்த மண்ணை உடனே அள்ளாதீர்கள். அடியில் குவிந்து கிடக்கும் மண்தான் பலநேரம் மேலே மிச்சமிருப்பதைத் தாங்கிக்கொண்டிருக்கும். முதலில் மேலே வரும் தண்ணீரைச் சரிவை விட்டு விலக்கிக் கால்வாயில் சேருங்கள். அள்ளுவதை வெயில் ஒரு வாரம் அடித்த பிறகு, மேலிருந்து கீழாகச் செய்யச் சொல்லுங்கள்.

அன்றைய மழையளவையும், மண் எங்கே கிளம்பி எங்கே நின்றது என்பதையும் நோட்டில் எழுதி, பக்கத்து வீடுகளுக்கும் காட்டுங்கள். எங்கள் வரிசையில் இப்போது ஆறு வீடுகளில் டப்பா இருக்கிறது. காலை எட்டரைக்கு அளவை ஒருவருக்கொருவர் கூவிச் சொல்லிக்கொள்கிறோம். கடைசி வீட்டு அத்தை தன் அளவோடு ஊற்றின் நிறத்தையும் சேர்த்துச் சொல்வார்.